தலைத் தீபாவளிக்கு முந்திய இருபது நாள்

விஜயதசமி கழிந்து, கொலுப் படிகளைப் பிரித்து, பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது என்றால், நம் வீடுகளில் அடுத்தபடியாக எழுகிற பேச்சு தீபாவளியைப் பற்றியதுதான். அதிலும் அந்த வருஷம் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து கொடுத்த வீடாக இருந்து, மாப்பிள்ளையும் சம்பந்திகளும் தலைத் தீபாவளிக்கு வந்து மூன்று நான்கு நாள் தங்கப் போகிறார்கள் என்று ஏற்பட்டுவிட்டால், அந்த வீட்டு அம்மாளின் மனத்திற்குள் அன்றுமுதல் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. விஜயதசமிக்கும் நரக சதுர்த்தசிக்கும் இடையே உள்ளது ஏறக்குறைய இருபது நாள். அந்த இருபது நாளை எவ்விதம் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்தே, பண்டிகையன்று அந்த வீட்டில் சந்தோஷம் குடியிருக்குமா, களைப்புக் குடியிருக்குமா என்பது நிச்சயமாகிறது.

எத்தனையோ வீடுகளில் நான் கண்டிருக்கிற காட்சி ஒன்று உண்டு. கூடத்தில் விருந்தினர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருக்க, யாருடைய அன்பை நாடி அவர்கள் அத்தனை தூரம் வந்தார்களோ அந்த அம்மாள், மூன்று இரவு சரியாகத் தூங்காத கண்களோடு அடுப்பங்கரையில் வாணலிக்கு முன் நின்றுகொண்டிருப்பாள். குழந்தைகள் மத்தாப்புக் கொளுத்தும்போது வாசல்வரை வந்து எட்டிப் பார்க்கவும் அவளுக்கு நேரம் இராது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பசி அடங்கிப் போன வயிற்றோடு, ஆறிப் போன எதையோ எடுத்து வைத்துக்கொண்டு தனியாக உட்காருவாள். பத்துத் தினுசு பட்சணம் செய்து பரப்பிய பெருமை வீட்டுக்கு உண்டாகலாம்; ஆனால் அந்தப் பெருமையை அப்படி ஒரு விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. முன்கூட்டிச் செய்கிற ஏற்பாடுகள் யாவற்றுக்கும் பிரயோஜனம் ஒன்றே என்பது என் அபிப்பிராயம்: சமைத்தவள், தான் சமைத்ததை உண்ண வந்தவர்களோடு கூடத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு அவகாசம் உண்டாக வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதை முன்னால் செய்வது, எதைக் கடைசியில் செய்வது, எதைச் செய்யாமலே விட்டுவிடுவது என்பதெல்லாம் தாமாகவே விளங்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது அடுப்பை அல்ல, ஆகாயத்தை. தீபாவளி வருவது ஐப்பசி அடைமழையில். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டி. பண்டிகை பெரும்பாலும் அதற்கு முன்பின்னாகவே வாய்க்கிறது. மழை பிடித்துக்கொண்ட பிறகு மாவு காயாது. காற்றிலே ஈரம் ஏறிவிட்டால் காலையில் செய்த முறுக்கு மறுநாள் நமுத்துப் போகும். ஆகையால் புரட்டாசி வெயில் இருக்கும்போதே பச்சரிசியைக் களைந்து நிழலில் உலர்த்துவதும், உளுத்தம் பருப்பைச் சிவக்க விடாமல் வாசனை வரும் மட்டும் வறுத்து ஆற வைப்பதும், மிளகாய் தனியா முதலியவற்றை மொட்டை மாடியில் காய வைத்து எடுப்பதும் முதல் வேலைகள். பிறகு மாவு மில். தீபாவளி நெருங்க நெருங்க அங்கே டப்பாக்களின் வரிசை தெருவரைக்கும் நீண்டுவிடும். முதல் வாரத்திலேயே போய்விட்டால் நின்று நிதானமாக, “அரிசி ஓடும்போது இதையும் போட்டுக் கொடுங்கண்ணே, கோதுமைக்குப் பின்னால் வேண்டாம்” என்று சொல்லி அரைத்து வரலாம். இப்படி அரைத்து வந்த மாவு இயந்திரத்தின் சூட்டோடு இருக்கும். சூட்டோடு டின்னில் கொட்டி மூடினால் உள்ளுக்குள்ளேயே வியர்த்துக் கட்டி பிடிக்கும். பழைய வேஷ்டியிலோ செய்தித்தாளிலோ பரப்பி, நன்றாக ஆறிய பிறகு சலித்து வைப்பதே முறை. இந்த ஒரு வேலையை முன்னால் முடித்துக்கொண்ட வீட்டில் பாதிப் பண்டிகை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

எந்தப் பண்டம் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு நம் பாட்டிமார்கள் அனுபவத்தில் கண்டிருந்த விதியும், இன்றைய உணவு விஞ்ஞானிகள் கருவி வைத்து அளந்து சொல்கிற விதியும் ஒன்றாகவே இருப்பது எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது. பண்டத்தைக் கெடுக்கிற கிருமிக்கும் பூஞ்சைக்கும் தண்ணீர் வேண்டும். அதிலும் எதனோடும் பிணைந்துவிடாத, சுயேச்சையான தண்ணீர் வேண்டும். அந்த ஈரத்தை ஒன்று என்ற அளவுக்குள் வைத்துக் கணக்கிடுகிறார்கள், 0.6-க்குக் கீழே போய்விட்டால் எந்த நுண்ணுயிரும் அதில் வளராது. முறுக்கிலும் தட்டையிலும் ஓமப்பொடியிலும் எண்ணெயின் கொதிப்பு தண்ணீரை விரட்டிவிடுகிறது. பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த மாலாட்டில் தண்ணீர் சேர்க்கப்படுவதே இல்லை. பொரிவிளங்காய் உருண்டையிலோ, முற்றிய வெல்லப்பாகு இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் தன் வசம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே இவை பத்து நாள் முந்திச் செய்தாலும் பழுதில்லை. தேங்காய் சேர்ந்தது, பால் சேர்ந்தது, பூரணம் வைத்தது ஆகியவை வேறு ஜாதி; அவற்றை அன்றன்றைக்குத்தான் செய்ய வேண்டும். சுழியத்தை மூன்று நாள் முந்திச் செய்து வைப்பவரும் இல்லை, தேன்குழலைத் தீபாவளி விடியற்காலையில் பிழிய வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. இரண்டையும் ஒரே இரவில் அடைத்துக்கொள்வதால்தான் அந்த இரவு அத்தனை கொடியதாகிறது.

முன்கூட்டிச் செய்தால் கெடாது என்பது மட்டுமல்ல, முன்கூட்டிச் செய்தால்தான் சரியாக வரும் என்ற தகுதி வாய்ந்த பட்சணம் ஒன்று உண்டு. அது அதிரசம். அவசரக்காரருக்கு அது வசப்படுவதில்லை. மாவுப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, துணியில் நிழலிலே உலர்த்தும்போது, முழுவதும் காய விடாமல், கையில் அள்ளிப் பிடித்தால் உள்ளங்கையில் சிறிது குளிர்ச்சி தட்டுகிற பதத்தில் எடுத்துவிட வேண்டும். அந்த ஈரத்தோடேயே இடித்துச் சலித்த மாவுதான் பாகை வாங்கிக்கொள்ளும். கடையில் வாங்கிய உலர்ந்த மாவில் செய்த அதிரசம் ஏன் வறட்டுத் தட்டாகிறது என்பதற்குக் காரணம் இதுவே. அடுத்தது பாகு. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பொதுவான கணக்கு. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்க விட்டு, அது நுரைத்துப் பொங்கி அடங்கி வரும்போது, பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் அது கரைந்து போகும். சிறிது பொறுத்து விட்டால் அடியில் படியும், ஆனால் விரலுக்கு அகப்படாமல் நழுவும். இன்னும் ஓர் அரை நிமிஷம் கழித்து விட்டால், விரலால் கூட்டும்போது திரண்டு, மெத்தென்ற சிறு உருண்டையாக எழுந்து வரும். தட்டில் போட்டால் ஓசை கேட்காது. அதுதான் பதம். அதற்கு முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், பிந்தினால் கல்லாகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கி, ஏலமும் சுக்கும் எள்ளும் சேர்த்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறினால், முதலில் தளரத் தளர இருந்து, ஆற ஆற இறுகும். மேலே நெய்யைத் தடவி மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

இதற்குப் பிறகு நடக்கிற காரியத்தில் மனுஷக் கைக்கு வேலை இல்லை. மாவின் ஒவ்வொரு துகளும் பாகை மெல்ல மெல்ல உறிஞ்சி ஊறுகிறது. ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். மூன்று நான்கு நாள் பொறுத்தால் இன்னும் விசேஷம். பாகின் இனிப்பே காவலாக நிற்பதால் பத்துப் பதினைந்து நாள்வரை அதற்கு ஒன்றும் நேராது. இறுகிப்போனால் துளி பாலைத் தெளித்துப் பிசைந்துகொள்ளலாம். வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்து, நெய் தடவிய வாழையிலையில் தட்டி, நிதானமான தீயில் போட்டு, உப்பி எழுந்ததும் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயை வடித்து எடுத்தால், மாப்பிள்ளைக்கு முன் வைக்கும்போது அப்போதுதான் செய்த மணம் இருக்கும். கஷ்டப்பட்ட நாளோ ஒரு வாரத்துக்கு முந்தையதாக இருக்கும். ஐப்பசி அமாவாசையன்று கேதார கௌரி நோன்பு நோற்கும் குடும்பங்களில் இருபத்தோரு இழை நோன்புக் கயிற்றோடு இருபத்தோரு அதிரசமும் வைத்துப் படைக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இந்த மாவு எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

முறுக்கு வகைகளுக்குப் பண்டிகைக்கு முந்திய வாரத்தில் இரண்டு பிற்பகல்களை ஒதுக்கினால் போதும். எண்ணெய் வைப்பதிலும் ஒரு கிரமம் இருக்கிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய தேன்குழலை முதலிலும், கடலை மாவும் காரமும் சேர்ந்த ஓலைப் பக்கோடா, காராசேவு முதலியவற்றை அடுத்தும், வெல்லம் சேர்ந்ததை எல்லாவற்றுக்கும் கடைசியிலும் போட வேண்டும். வெல்லம் எண்ணெயைக் கறுக்கச் செய்துவிடும். எண்ணெயின் சூடு 170-லிருந்து 180 டிகிரி செல்சியஸுக்குள் நிற்பது உத்தமம்; மானி இல்லாவிட்டாலும், கிள்ளிப் போட்ட மாவு அடிக்குப் போய் உடனே மேலெழுந்து வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். முறுக்கு வெந்துவிட்டது என்பதைக் கண்ணைவிடக் காது நன்றாகச் சொல்லும். போட்டவுடன் சடசடவென்று எழுகிற ஓசை, மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போகிற ஓசை. அது தணிந்து, குமிழ்கள் சிறுத்து, கிட்டத்தட்ட மௌனமாகிற போதுதான் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்த முறுக்கு அன்று கரகரப்பாக இருந்தாலும் மூன்றாம் நாள் நமுத்துவிடும். எடுத்ததை முற்றிலும் ஆற விட்டு, அடியிலே காகிதம் போட்ட டின்னில் அடுக்கி, மூடியை இறுக்கிச் சாத்தி, ஈரக்கை படாத பரணில் வைத்துவிடலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை உபயோகிக்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்கிற சாதனம் நமக்கு இல்லை. ஆனால் நிறம் கறுத்து, பிசுபிசுத்து, காய்ந்தவுடன் புகைகிற எண்ணெயைப் பண்டிகைச் சிக்கனத்தின் பேரால் மேலும் ஓட்டக் கூடாது என்பதற்கு மூக்கும் கண்ணுமே போதுமான சாட்சி.

இந்தப் பக்குவங்களெல்லாம் முன்காலத்தில் ஒரு வீட்டிலேயே மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், அத்தையிடமிருந்து பெண்ணுக்கும் கைமாறி வந்தன. குடும்பங்கள் பிரிந்து, உத்தியோகத்தின் நிமித்தம் பெண்கள் தூர தேசங்களில் தனிக்குடித்தனம் நடத்தத் தொடங்கிய காலத்தில், “கண் அளவு, கை அளவு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்று ஆகிவிட்டது. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டபோது அது அத்தனை வீடுகளில் இடம்பெற்றதற்குக் காரணம், அளவையும் முறையையும் காகிதத்தில் நிலைநாட்டியதுதான். நம் வீட்டு அளவுகளையும் நாம் அப்படி எழுதி வைக்கத்தான் வேண்டும். சென்ற தீபாவளிக்கு எத்தனை படி அரிசி நனைத்தோம், எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கினோம், எது மிஞ்சியது, எது இரண்டாம் நாளே தீர்ந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி எழுதியிருந்தால், இந்த வருஷம் சாமான் பட்டியல் போடுவது அரை மணி நேர வேலை.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை என்பதே என் பதில். ஒரு பட்சணத்திற்கென்றே தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்த ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-லும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-லும், மணப்பாறை முறுக்கு 2023-லும் புவிசார் குறியீடு பெற்றன. அந்தப் பக்கத்து உறவினர் யாராவது வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லி வாங்கி வரச் செய்வதில் எந்தக் குறையும் இல்லை. பால் சேர்ந்த இனிப்புகளை, முந்தின நாள் நம்பகமான கடையில் வாங்கிக்கொள்வது நல்லதும்கூட. பல ஊர்களில் பெண்கள் மாதாமாதம் சிறு தொகை கட்டிப் பலகாரச் சீட்டுச் சேர்ந்து, தீபாவளி நெருங்கும்போது இனிப்பும் எண்ணெயும் மாவுமாக வாங்கிக்கொள்கிறார்கள். கையிலே மொத்தமாகப் பணம் புரளாத வீடுகளுக்கு இதைக் காட்டிலும் தீர்க்காலோசனை வேறில்லை; நெடுநாள் தெரிந்தவர் நடத்தும் சீட்டாக இருக்க வேண்டும் என்ற ஜாக்கிரதை மட்டும் அவசியம். வீட்டில் செய்வது இரண்டு இனிப்பு, இரண்டு காரம் என்று வைத்துக்கொண்டாலே போதும். அவை அந்தக் குடும்பத்தின் கைமணம் உள்ளவையாக இருக்கட்டும். மகள் புக்ககத்தில் இருந்துகொண்டு எதை நினைத்து ஏங்கினாளோ, அதை அம்மா செய்தால் போதாதா?

தீபாவளியன்று காலையில் இட்லியும் கறிக்குழம்பும் என்பது தமிழ்நாட்டில் லட்சோப லட்சம் குடும்பங்களின் வழக்கம். அங்கே முன்னேற்பாடு வேறு வகைப்பட்டது. நள்ளிரவிலிருந்தே கறிக்கடைகளில் கூட்டம் கூடிவிடுவதால், யார் போய் வரிசையில் நிற்பது என்பதை முந்தின நாளே தீர்மானித்துவிட வேண்டும். சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து வைப்பது, மசாலாவை வறுத்து அரைத்துக் குளிர்பெட்டியில் வைப்பது, இரண்டும் முந்தின மாலையிலேயே முடிந்திருந்தால், கறி வந்த ஒரு மணி நேரத்தில் குழம்பு இறங்கிவிடும். மழைக்காலத்து இட்லி மாவு புளிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகையால் மதியமே ஆட்டி, அடுப்புக்கு அருகே வெதுவெதுப்பான இடத்தில் வைப்பது நலம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல், 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியிலோ 60 டிகிரிக்கு மேலே சூட்டிலோ வைக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. விருந்தினர் வந்த வீட்டில், இரவுக்கென்று மிச்சம் வைக்கிற குழம்பைப் பேச்சு மும்முரத்தில் மேடைமேல் மறந்துவிடுவது சகஜமாகையால், இதை ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருந்தையும் பண்டிகைக்கு முன்பே தயாரித்து வைத்த நம் முன்னோர்களின் விவேகத்தை நான் நினைக்காத தீபாவளி இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா ஆகியவற்றை இளஞ்சூட்டில் வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருண்டு வரும்போது இறக்கி, ஆறிய பின் தேன் சேர்த்த லேகியம், நான்கு நாள் முந்திச் செய்தாலும் நன்றாகவே இருக்கும். எண்ணெய் ஸ்நானம் செய்து வந்தவுடன் ஒரு நெல்லிக்காயளவு அதை உருட்டிக் கையில் கொடுத்துவிட்டே பட்சணத் தட்டை நீட்டுகிறோம்.

விருந்தினர் விஷயத்தில் முன்னேற்பாடு இன்னும் முந்தியே தொடங்குகிறது. ரயிலில் முன்பதிவுக்கான காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் யார் யார் எந்த ரயிலில் வருகிறார்கள் என்பது இரண்டு மாதத்திற்கு முன்னால் நிச்சயமாகிவிடும். அப்போதே மகளிடம் நாலு விஷயம் விசாரித்து வைத்துக்கொள்ளலாம். “மாப்பிள்ளை காரம் எப்படிம்மா சாப்பிடுவார்? சம்பந்தி அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? அவங்க அப்பாவுக்குக் காலையில் காப்பி எத்தனை மணிக்கு வேணும்?” என்று தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொண்ட தாயார், பண்டிகையன்று யாருக்கும் சங்கடம் உண்டாகாமல் காத்துவிடுகிறாள். சர்க்கரை வியாதி உள்ள பெரியவர் ஒருவராவது இல்லாத குடும்பம் இன்று அபூர்வம். அவருக்கு ஒரு சுண்டலோ, காரம் குறைந்த தட்டையோ தனியாகத் தயாராக இருந்தால், தட்டு நீட்டும்போதெல்லாம் “எனக்கு வேண்டாம்” என்று சொல்லும் தர்மசங்கடம் அவருக்கு நேராது.

பிறந்தகம் வருகிற அந்தப் பெண்ணும் ஒரு விருந்தாளிதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வந்த மறுநிமிஷமே, “கொஞ்சம் இதைக் கிளறு” என்று கரண்டியைக் கையில் கொடுப்பது வழக்கமாகியிருக்கிறது. முறுக்கு நாழியை அழுத்துவதற்கும், மைசூர்பாகை விடாமல் கிளறுவதற்கும் தோள்வலு வேண்டும். அந்த வலு வீட்டு ஆண்களிடம் தாராளமாக இருக்கிறது. அப்பாவும் பிள்ளைகளும் அந்த இரண்டு பிற்பகல்களில் சமையலறைக்குள் வந்து நாழியைப் பிடித்தார்களானால், வேலை பாதியாகும் என்பதோடு, பட்சணம் யாருடைய உழைப்பில் விளைகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியவரும். கிராமங்களில் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று பெண்கள் கூடிக் கைமுறுக்குச் சுற்றிய வழக்கம் இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே தளத்தில் இருக்கிற நான்கு குடும்பங்கள், வீட்டுக்கு ஒரு பட்சணமாக ஏற்றுக்கொண்டு பங்கிட்டுக்கொண்டால், நான்கு வாணலிகளில் நான்கு முறை எண்ணெய் காயாது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வேலையோடு நான்கு தினுசு கிடைத்துவிடும்.

இவ்வளவும் ஆனபின், சதுர்த்தசிக்கு முந்தின இரவுக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம். சுழியத்துக்குக் கடலைப்பருப்புப் பூரணத்தைக் கிளறி உருட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், மேல்மாவில் தோய்த்துப் போடுவது காலை வேலை. நல்லெண்ணெய், சீயக்காய், மஞ்சள் தடவிய புதுத்துணிகள், லேகியக் கிண்ணம் எல்லாவற்றையும் சுவாமி முன்னால் எடுத்து வைத்து, வெந்நீர் அண்டாவில் தண்ணீரை நிரப்பிவிட்டு, பத்து மணிக்கு அந்த அம்மாள் படுக்கப் போய்விடலாம். டின்களை மூடுவதற்கு முன்பே, வீட்டு வேலை செய்கிறவருக்கும், தெருக் கூட்டுகிறவருக்கும், காவற்காரருக்கும் உரிய பங்கைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்துவிடுவது மிகவும் நல்லது. கடைசியில் கொடுக்கலாம் என்று விட்டுவைத்தால், உடைந்ததும் நொறுங்கியதுமே அவர்களுக்கு மிஞ்சுகிறது.

பண்டிகைக்கு மறுநாள் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் போதும். வயிறும் அதைத்தான் கேட்கும். விருந்தினர்களை வழியனுப்பிய பிறகு டின்களைத் திறந்து பார்த்து, நெய் சேர்ந்ததை முதலிலும் முறுக்கைப் பின்னாலும் செலவழிக்க வேண்டும். மிஞ்சிய அரிசிமாவை ஒருமுறை வாணலியில் வெதுப்பி ஆற வைத்து மூடிக்கொண்டால், இன்னும் சில வாரங்களில் வருகிற திருக்கார்த்திகைக்கு அப்பமும் அடையும் செய்ய அது ஆகும்.